அண்ணனைக் காத்த கைகள்

எங்கள் அண்ணன் எருத்தேன்பதியில், தென்னந்தோப்புக்கு நடுவே உள்ள வீட்டில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை விட்டுவிட்டுத் தோப்பைப் பார்த்தார். தங்கையான என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றவர் அல்லர்.

நாற்பதைக் கடந்ததும் அவருடைய இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் மூன்று முறை பாலக்காட்டுக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே திரவம் மாற்ற வேண்டும் என்றார் மருத்துவர்.

"ஊட்டுலயே பண்ணிக்கறனுங்க. தோப்பை உட்டுட்டு எங்க போறது?" என்றார் அண்ணன்.

அண்ணி பயிற்சி எடுத்துக்கொண்டார். ஓர் அறையை அதற்கென்றே ஒதுக்கி, கைகழுவி, முகக்கவசம் கட்டி, நாள் தவறாமல் திரவப் பை மாற்றினார். வயிற்றில் அந்தத் திரவத்தோடுதான் அண்ணன் தேங்காய் வெட்டுக்கு ஆள் பிடித்தார். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

இடையில் ஒருமுறை வயிற்றுக்குள் கிருமி புகுந்தது. வெளியே வந்த திரவம் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தது. மருந்தில் தேறி வீடு திரும்பியவரைப் பார்க்க வந்த மாமா ஒருவர், அண்ணியின் காதுபடவே, "பொம்பளை கை சுத்தமா இருந்தா இது வருமா?" என்றார்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு மோட்டார் ரூமுல நானேதான் மாத்துனனுங்க மாமா. தண்ணி பாயற அவசரத்துல கைகூடக் கழுவுல. அவளைச் சொல்றதா இருந்தா இந்த ஊட்டுக்கு வராதீங்க."

மாமா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, உடம்பிலுள்ள நீரைத் திரவம் இழுப்பது குறைந்தது. கால்கள் வீங்கின. சாப்பிட்டதெல்லாம் வாந்தியானது. வயிற்றின் உள்சவ்வு தடித்துக் குடலை இறுக்கிவிட்டது என்றார்கள்.

"என்னாலயுங்களா?" என்று அண்ணி மருத்துவரிடம் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இல்லைங்கம்மா. வருஷக்கணக்கா இதைப் பண்றவங்கள்ல சிலருக்கு இப்படி ஆகுமுங்க. இத்தனை வருஷம் அவர் நல்லா இருந்தது உங்களாலதான்" என்றார் அவர்.

குழாயை எடுத்துவிட்டு, பாலக்காட்டில் இரத்தச் சுத்திகரிப்புக்கும் மாறிப் பார்த்தோம். குடல் வழிவிடவில்லை. அண்ணியின் கையைப் பிடித்தபடியே அண்ணன் கண்மூடினார்.

துக்க வீட்டிலும் அந்தப் பழைய பேச்சு எழுந்தது. எனக்குக் கேட்டது, அண்ணிக்கும் கேட்டது. அதனால்தான் நடந்ததை இந்த நினைவு மலரில் அச்சிட்டு வைக்கிறேன்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் காரோடு வந்து நின்ற பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் எங்கள் நன்றி. அவர்களுக்கெல்லாம் முன்பாக, அண்ணிக்கு.

இன்று, முதலாண்டு நினைவு நாள் பந்தியில் அண்ணிதான் பரிமாறுவார். அந்தக் கையால் சோறு வாங்க யாருக்கேனும் கூசினால், இந்த மலரை மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம்.