ஆமைக்குப் போட்ட புரூடர்

பச்சியப்பனும் நானும் மொரப்பூரில் ஒரே தெரு, ஒரே வயசு. ஆகவே மரியாதை எதுவும் சேர்க்காமல் அவனை 'அவன்' என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் பேசுவேன். வறட்டுப் பிடிவாதக்காரன். கோழிப் பண்ணையில் குஞ்சு வளர்ப்பதுதான் அவன் பிழைப்பு. குஞ்சு வந்து இறங்கியதும் உமி பரப்பி, சுற்றிலும் தகரத்தை வளைத்து நிறுத்தி, நடுவில் மஞ்சள் பல்பைத் தாழ்வாகத் தொங்கவிடுவான். அதற்குப் புரூடர் போடுவது என்று பெயர். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். தகரத்தை ஒட்டி ஒதுங்கினால் சூடு. இரவானாலும் பல்பு அணையக் கூடாது. அணைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிடும். இதில் அவனை அசைக்க ஆளில்லை, அந்தத் திமிரும் அவனுக்கு உண்டு.

அவனுடைய ஒரே மகன் மாதவராஜ் ஓசூரில் வேலை பார்த்தான். கூட வேலை பார்த்த ஜாஸ்மினைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக வந்து சொன்னான். "நான் செத்தப்புறம் கட்டிக்க" என்றான் பச்சியப்பன். அப்போதே அவன் வாயில் ஒன்று போடலாம் போல எனக்கு இருந்தது. பையன் சண்டை போடவில்லை, அப்பன் மனசு மாறும் என்று காத்திருந்தான். போன ஐப்பசியில் லாரி மோதி, அப்பனுக்கு முன்னால் அவன் போய்விட்டான்.

ஓசூரில் மாதவராஜ் தங்கியிருந்த அறையைக் காலி செய்தபோது துணிமணியோடு ஓர் ஆமையும் வந்தது. நம் காட்டு ஆமை அல்ல. முறைப்படி பதிவு செய்து வளர்க்கிற வெளிநாட்டு வகை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கூடவே ஒரு மரத்தொட்டியும், அட்டைப்பெட்டி நிறைய விளக்குச் சாமான்களும். பச்சியப்பன் மனைவி முனியாயி வழியெல்லாம் ஆமையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். "எம் புள்ள தொட்டு வளத்தது" என்று ஓட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பச்சியப்பன் அதற்கும் புரூடர் போட்டான். பெட்டியிலிருந்த வெள்ளைப் பீங்கான் பல்பை மாட்டிச் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. பீஸ் போனது என்று உடனே கழற்றி வைத்துவிட்டான். நீள டியூப் ஒன்று எரிந்தது, ஆனால் சுடவில்லை. சுடாத விளக்கு எதற்கு என்று அதையும் ஒதுக்கினான். பண்ணையிலிருந்து மஞ்சள் பல்பைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் தொங்கவிட்டான். மார்கழிப் பனி வேறு. பல்பு ஒரு நிமிஷம்கூட அணையவில்லை.

ஆமை மூலைக்குப் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சூடு போலிருக்கிறது என்று பல்பை ஏற்றினான். அப்போதும் அசையவில்லை, இறக்கினான். நாளெல்லாம் இதே வேலை. வைத்த கீரை வைத்தபடியே வாடியது. ஆமையின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. முனியாயியும் சோற்றைத் தொடுவதை விட்டுவிட்டாள். "இதுவும் போச்சுன்னா நான் இருக்க மாட்டேங்கண்ணா" என்று என்னிடம் சொன்னாள். வெறும் பேச்சாக எனக்குப் படவில்லை. பயந்துபோனேன்.

பச்சியப்பனும் பயந்திருந்தான். மகனுடைய போனிலிருந்து ஜாஸ்மின் நம்பரை எடுத்து என்னிடம் நீட்டி, "நீயே பேசு" என்றான். அந்த நேரத்திலும் வீம்பு. நான் பேசினேன். மறுநாளே அந்தப் பெண் ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்தவள் நேராகத் தொட்டிக்குப் போனாள், ஆமையைத் தூக்கிப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள்.

"வெள்ளை பல்பு ஒண்ணு இருக்குமே, எங்கீங்க அங்கிள்?"

"அது பீஸ் போச்சு."

"அது எரியாதுங்க. சூடு மட்டுந்தான் வரும். ராத்திரிக்கு அதான் போடணும். இருட்டு இருந்தாத்தான் இது தூங்கும்."

"இருட்டுல வுட்டா செத்துரும்."

"கோழிக்குஞ்சு செத்துருங்க. இது வெளிச்சத்துல தூங்க முடியாம தவிக்குது." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அந்த டியூப்பு வெயிலுக்குப் பதில். அதப் பகல்ல போடணும். இல்லன்னா ஓடு கெட்டிப்படாது."

டியூப்பைத் தொட்டியில் மாட்டிக் கொடுத்தாள். எங்களைக் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குப் போய்க் கால்நடை மருத்துவரிடம் ஆமையைக் காட்டி, கண்ணுக்கு மருந்து வாங்கினாள். பொழுது சாய்ந்ததும் பச்சியப்பன் மஞ்சள் பல்பை அணைத்தான். வெள்ளை பல்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டான். இருட்டில் வெள்ளை பல்புக்கு அடியில் உள்ளங்கையைக் காட்டியபடி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சுடுது ஆயி" என்றான் முனியாயியிடம்.

தை பிறந்து சில நாளில், ஒரு காலை, ஆமை கண் திறந்து செம்பருத்தி இலையைக் கடித்தது. முனியாயி தெருவுக்கே கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்மின் வந்தாள். அவளுக்கு முனியாயி களி கிண்டிப் போட்டு, தானும் கூட உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"இது எத்தன வருசம் இருக்கும் கண்ணு?" என்று கேட்டாள் முனியாயி.

"நல்லாப் பாத்துக்கிட்டா எழுவது, எம்பது வருசங்கூட இருக்குங்க."

முனியாயியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அப்ப எங்களுக்கப்புறம்?"

பச்சியப்பன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளை நேராகப் பார்த்தான். அவளை அவன் அப்படிப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"உனக்குத்தாம்மா. நாங்க இருக்கற வரைக்கும் வந்து வந்து பாத்துட்டுப் போ. அது உன்ன மறந்துடக் கூடாது."

ஜாஸ்மின் தலையாட்டினாள். "வரேங்க மாமா" என்றாள்.

பச்சியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதான். நான் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.