சுடாத தார்ரோடு

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. ஜார்ஜ் டவுனில் நான் வழக்கமாக இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரை வாங்கும் அரசாங்க கிளினிக்கில், நம்பர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். கிளினிக் என்றாலே எனக்குக் கடுப்பு. சோறு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். காலையில் தின்ற ரொட்டி சானாய் வாசம் விரலை விட்டுப் போயிருக்காது, நான் "எல்லாம் குறைச்சிட்டேன் டாக்டர்" என்பேன். அவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுத் திட்டுவார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வருவேன். பல வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஒரு மிஸி வந்தார். இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். மலாய்க்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். மேல்படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறாராம். இனிப்புநீர் உள்ளவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்கிறாராம். கொஞ்ச நேரம் பேசலாமா என்று வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாருக்கும் திடீரென்று கைப்பேசியில் அவசர வேலை வந்துவிட்டது. நான் சரி என்றதற்கு ஒரே காரணம், அவர் கைகாட்டிய அறையில் ஏர்கோன் இருந்ததுதான்.

நாங்கள் பேசியது மலாயில். இங்கே தமிழில் சொல்கிறேன். கைப்பேசியில் ஒலிப்பதிவை முடுக்கி மேசைமேல் வைத்தார். சோறு, சீனி, நடைப்பயிற்சி எல்லாவற்றுக்கும் நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ வேறு எங்கேயோ போனார்.

"ஆண்டி, உங்க உடம்புல உங்களுக்கு ரொம்பப் பெருமையா இருக்கறது எது?"

இப்படி ஒரு கேள்வியை என் வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை. கொஞ்சமும் யோசிக்காமல் என் கால்தான் என்றேன். அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. மகள் சின்ன வயதில் டெங்கிக் காய்ச்சலில் பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தபோது வேண்டிக்கொண்டதையும், அதிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதையும் சொன்னேன். முதல் நாள் வெள்ளிரதம் வரும்போது ரோடெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். மறுநாள் நாங்கள் நடக்கும்போது ஓரமெல்லாம் சில்லு கிடக்கும். பத்து மணிக்கே தார் கொதிக்கும். இளசுகள் எல்லாம் சுடுது சுடுது என்று தவளை மாதிரி தத்திக்கொண்டு போவார்கள். எனக்கு மட்டும் சில வருஷமாகச் சுடுவதே இல்லை, சில்லும் குத்துவதில்லை. பட்டுப் பாயில் நடப்பது மாதிரி நடக்கிறேன் என்றேன். முருகன் என் காலுக்கு அருள் கொடுத்திருக்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மிஸி சிரிக்கவுமில்லை, பயமுறுத்தவுமில்லை. அந்தக் காலை நான் பார்க்கலாமா என்று கேட்டார்.

தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது. அடுத்தவர் மடியில் காலை வைக்க நமக்கு மனம் வருமா? இழுத்தேன், அவர் விடவில்லை. தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய ஒரு நைலான் இழையை எடுத்து முதலில் என் கையில் தொட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இதேபோல் காலில் தொடுவேன், தெரியும்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லுங்கள் என்றார்.

கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெளியே நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஏர்கோன் உறுமியது. இந்தப் பெண் என்ன இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்து, "ஆரம்பிங்க மிஸி" என்றேன்.

"ரெண்டு காலும் முடிச்சிட்டேன், ஆண்டி."

கண்ணைத் திறந்தேன். அவர் முதலில் செய்தது, கையை நீட்டி ஒலிப்பதிவை நிறுத்தியது. இனிமேல் பேசுவது ஆராய்ச்சிக்கு இல்லை, உங்களுக்கு மட்டும் என்றார். பிறகு என் வலது பாதத்தைத் திருப்பி, தன் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். உள்ளங்காலில் ஒரு புண், வெள்ளையாக ஊறிப்போய், நடுவில் சிவப்பாக. நான் தினமும் வேலைக்குப் போட்டுப்போகும் சப்பாத்தை, அதாவது ஷூவை, எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு கல் விழுந்தது. அதன்மேல்தான் எத்தனையோ நாளாக நின்று வேலை பார்த்திருக்கிறேன்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இந்தப் பெண்ணுக்கு முருகனைப் பற்றி என்ன தெரியும் என்று சுருக்கென்று வந்தது. அப்படியென்றால் அருள் எல்லாம் பொய்யா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

"அதைச் சொல்ல நான் ஆளில்ல, ஆண்டி. நீங்க நடந்தது நிஜம். ஆனா இனிப்புநீரால மரத்துப்போன இந்தக் கால் இனிமே உங்ககிட்ட எதையும் சொல்லாது. நீங்கதான் தினமும் குனிஞ்சு பாக்கணும்."

என் கால் இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. அப்போதுதான் அழுதேன்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விரலோடு போயிருக்குமோ, பாதத்தோடு போயிருக்குமோ சொல்ல முடியாது என்றார். இனி வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் மிஸி வந்து எட்டிப் பார்ப்பார். ஊர்வலம் எந்த வழியாகப் போகும், நிழல் எங்கே இருக்கும், தண்ணீர்ப் பந்தல் எங்கே என்றெல்லாம் கேட்பார். போகாதீர்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வீட்டில் பெரிய போராட்டம். வீட்டுக்காரர் தானே பால்குடம் எடுப்பதாகச் சொன்னார். வேண்டுதல் என்னுடையது, நீங்கள் யார் நடுவில் என்று அவரிடமும் சண்டை. சமையலறையில் மாட்டியிருக்கும் முருகன் படத்திடம் வக்கீல் மாதிரி வாதாடினேன். பால்குடம் எடுக்கிறேன் என்றுதானே வேண்டிக்கொண்டேன், வெறுங்கால் என்று வாயைத் திறந்து சொன்னேனா? அவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் புண் ஆறிவிட்டது. நானும் மிஸியும் சேர்ந்தே டாக்டரிடம் போய் நின்றோம். பாதி வழியிலிருந்து நடக்கலாம், மெத்தென்ற சப்பாத்து போட்டுக்கொண்டுதான், முடிந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் இறங்கி வந்தார். படம் எடுத்துத் தனக்கு அனுப்பச் சொன்னார் மிஸி.

அன்று மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், காலில் வெள்ளைச் சப்பாத்து. கூச்சத்தில் கண்ணை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் மூத்த அக்கா ஒருவர் உண்டு. ஆயர் ஈத்தாமிலிருந்து வருவார், எல்லாருக்கும் முன்னால் வேல் வேல் என்று கம்பீரமாக நடப்பார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னா இது? சாமிகிட்ட போறியா, பசாருக்குப் போறியா?"

குடத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக நடந்தேன். படியில் சப்பாத்தோடு ஏறக் கூடாது, அதனால் மலையடிவாரத்தில், என்னோடு விரதம் இருந்த வீட்டுக்காரரிடம் குடத்தைக் கொடுத்தேன். அவர் படியேறுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். முருகா, என்னை இங்கேயே நிறுத்திவிட்டாயே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போது, வழியில் பின்தங்கிவிட்ட அந்த அக்கா, மேலே போகுமுன் கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்று என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் நடந்து வந்த வழியில் சிவப்பாகக் கால் தடம். குனிந்து பார்த்தேன். குதிகாலில் தேங்காய்ச் சில்லு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது.

"அக்கா, வலிக்கலையா?"

"எனக்கெங்க வலிக்குது? ரெண்டு வருஷமா எதுவும் குத்தறதில்ல லா. எல்லாம் அவன் அருள்" என்றார்.

அதே வார்த்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட வாய் துடித்தது. காலையில் அவர் சொன்னதற்குத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு நொடி ஆசை வந்தது, மறைப்பானேன். ஆனால் மடியில் காலை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த அந்த மிஸிதான் நினைவுக்கு வந்தார். அக்காவின் கையிலிருந்த குடத்தைக் கூட வந்திருந்த அவர் மகளிடம் கொடுத்து மேலே அனுப்பச் சொன்னேன். அவரைப் பிடித்து உட்காரவைத்து, பாதத்தைத் தூக்கி என் மஞ்சள் சேலைமேல் வைத்துக்கொண்டேன். அவரும் என்னைப் போலவே காலை இழுத்தார். நானும் விடவில்லை.

ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. "எனக்குத் தெரியவே இல்லையேம்மா" என்று சின்னக் குரலில் சொன்னார். எனக்கும் தெரியவில்லை அக்கா, அதனால்தான் சப்பாத்து என்றேன். முதலுதவிக் கூடாரத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். அந்த வாரமே மிஸியிடமும் கூட்டிப்போனேன். அக்காவுக்கு இனிப்புநீர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. புண் ஆற நாளானது, ஆனால் கால் தப்பியது. அன்று மலையடிவாரத்திலிருந்து நான் மிஸிக்கு அனுப்பியது ஒரு படமில்லை, இரண்டு. தைப்பூசத்தன்று சாமி படம் அனுப்பாமல் உள்ளங்கால் படம் அனுப்பியவள் பினாங்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த மிஸி படிப்பை முடித்துவிட்டு இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறார். ஆனால் தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் கூட்டத்தில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. விரதம் தொடங்கும் வாரம் எல்லாரும் கிளினிக்குக் கிளம்பிப்போய், வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டுகிறோம். கூட்டிப்போவது அந்த அக்காதான். வர மாட்டேன் என்று யாராவது முரண்டு பிடித்தால், அவர் பேசும் பேச்சுக்குப் பயந்தே வந்துவிடுவார்கள்.

இப்போதும் பால்குடம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பெண் "ஐயோ, சுடுது" என்று துள்ளினால், சப்பாத்து போட்ட நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். தன் காலுக்கு முருகன் கொடுத்திருக்கும் அருள் எதுவென்று பாவம் அவளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.