கேட்க வந்தவள்

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கடலைக் காட்டில்தான் அவரைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. கருத்தடைத் தேவை எந்தெந்தச் சமூகத்தில் எப்படி இருக்கிறது என்று ஆராய எங்களுக்கு நிதி கிடைத்திருந்தது. ஆட்களைக் காட்ட அந்த ஊர் நர்ஸையே கூட்டிப்போனோம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

நான் எதைக் கேட்டாலும் ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்ப்பார். “ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறீக...” என்று முணுமுணுத்த பிறகுதான் பதில் வரும். “இன்னும் குழந்தை வேணுமா?” என்றபோது மட்டும் முணுமுணுக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்துக்கொண்டே சட்டென்று “வேணும்” என்றார். எனக்கு உறுத்தியது. இருந்தும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நான் ஜீப்பில் ஏறும்போது தனியாக ஓடி வந்தார்.

“யக்கா, நர்ஸம்மா எங்க வீட்டுக்காரருக்கு அக்கா. ரெண்டும் பொம்பளப்புள்ளயாப் போச்சுன்னு ஆம்பளப்புள்ளைக்கு நேந்துக்கிட்டு இருக்காக. இனி எனக்கு ஏலாதுக்கா. அவுகளுக்குத் தெரியாம ஒரு ஊசி போட்டுவிட்டுப் போங்க.”

“திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில போடுவாங்கம்மா.”

“அம்புட்டு தூரம் என்னன்னு சொல்லிட்டு வர?”

“நாங்க கேக்க மட்டும்தான் வந்தோம்மா” என்றேன்.

“கேக்க மட்டும்தான் வந்தீக...” அதையும் ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.