மதாம் வரும் மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகள் காயத்ரி என்னைக் காப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், மாதம் ஒருமுறை ஊருக்கு மேற்கே நாங்கள் இருக்கிற சாரத்துக்கு வந்து எங்களோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். "அத்த, இந்த வாட்டி உனக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோ பெரிய மார்க்கெட்டைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பியதும் நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எந்த வாசலில் நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேனோ சரியாக அந்த வாசலில் நின்றது. என் ஆறு வயதிலிருந்து இருபத்துமூன்று வயதுவரை நான் குடியிருந்த வீடு அது. இப்போது ஓட்டல்.

காயத்ரிக்கு இது தெரியாது. அவள் அப்பன் சொல்லியிருக்கமாட்டான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

தெருவின் பெயரை உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் போய் வாசலில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வீர்கள். அன்றைக்கும் ஒரு ஜோடி அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படமாம். பெண்ணின் கவுனைப் பிடிக்க ஒருவன், முகத்தில் வெளிச்சம் காட்ட ஒருவன், அவர்களை மறிக்காமல் எங்களை ஓரமாகப் போகச் சொல்ல ஒரு செக்யூரிட்டி. நான் பிறந்து வளர்ந்த ஊரில் சுவரோரமாக ஒதுங்கித்தான் நடக்கவேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் மத்தியான நேரத்தில் அந்தத் தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்காது. ரொட்டிக்காரர் சைக்கிள் மணி காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. அவ்வளவுதான் சத்தம். எதிர்வீடு மங்கிய சிவப்பு, பக்கத்து வீடு பாசி பிடித்த பச்சை, எங்களுடையது காவி கலந்த ரோஸ். எங்களுடையது என்று சொல்கிறேன் பாருங்கள், வாய்ப்பழக்கம் போகவில்லை. இப்போது தெருவே மஞ்சள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரென்றால் மஞ்சள் என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள், ஊரும் சரி என்று பூசிக்கொண்டது. நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில்கூட இன்று குடித்தனம் இல்லை. துணி காயவில்லை, குழந்தை அழவில்லை, யாரும் யாரையும் கூப்பிட்டுத் திட்டவில்லை. காப்பிக் கடை, துணிக்கடை, மறுபடி காப்பிக் கடை. சனி, ஞாயிறானால் வெளியூர் கார்கள் வாய்க்கால்வரை நிற்கின்றன.

உள்ளே நுழைந்ததும் எலுமிச்சம்புல் தைல வாசனை. எனக்கு அந்த வீட்டின் வாசனை வேறு. ஈரச் சுண்ணாம்பு, பழைய தேக்கு, அதற்கு மேல் கருவாடு. கருவாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மதாமைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீடு மதாமுடையது. வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், நிறத்தில் எங்களைப்போலத்தான். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இங்கே அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். அவர் இறந்தபிறகு மதாம் மகனோடு பாரிசுக்குப் பக்கத்தில் இருந்தார். வீடு சும்மா கிடந்தால் பாழாகிவிடும் என்று எங்கள் அம்மாவைக் குடிவைத்தார். அம்மாவின் பெயர் தனம். அப்பா மில்லில் நெசவுத் தொழிலாளி. மதாம் சொன்னது இவ்வளவுதான்: "கொல்லை ரூம்ல இருந்துக்க தனம். முன்னால பெருக்கி வச்சாப் போதும்." வாடகையும் இல்லை, சம்பளமும் இல்லை.

கொல்லை அறையில் மூன்று பேர் கால் நீட்டிப் படுக்க முடியாது. முன்னால் எட்டு அறைகள் காலியாகக் கிடக்கின்றன. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நாங்களும் அதைத்தான் செய்தோம். முதலில் அப்பா கூடத்தில் போய்ப் படுத்தார், தரை ஜில்லென்று இருக்கிறது என்று. பிறகு என் புத்தகங்கள் பெரிய மேஜைக்குப் போயின. பிறகு பால்கனியில் கொடி கட்டினோம், மொட்டைமாடியில் மிளகாய் காய்ந்தது. தம்பி பிறந்ததே மாடியில் கடல் தெரிகிற அறையில்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் அவனுக்கு அவசரம்.

மதாம் வருஷத்துக்கு ஒருமுறை மார்கழியில் வருவார், மூன்று வாரம் இருப்பார். அவர் வருகிற கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்கு ஆவேசம் வந்துவிடும். பதினோரு மாதம் வாழ்ந்ததை ஒரு வாரத்தில் துடைக்க வேண்டும். ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டையில் சுண்ணாம்பை வைத்து விரலால் தேய்ப்பாள். அப்பா சாய்ந்து சாய்ந்து கூடத்துச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை, தலை அளவுக்கு இருக்கும். அதைச் செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பது என் வேலை. கொடி அவிழும், பாய் சுருளும், தம்பியின் பந்து பரணுக்குப் போகும். கருவாட்டு வாசனை உத்தரத்தில் ஏறிக்கொள்ளும் என்பதால் பத்து நாளைக்கு முன்பிருந்தே கருவாடு கிடையாது. "நாலு பேரு இருந்தோம்னு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது" என்பாள்.

மதாம் வந்து பெட்டியை இறக்கிவைத்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா? "என்னா தனம், ஒரு நெத்திலிக் கருவாடு வாங்கி வைக்கக் கூடாதா? அதுக்குத்தான அங்கேர்ந்து வந்தேன்!" ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் அம்மா தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாள். மதாமுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அம்மாள் நல்லவர். ஆனால் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எங்கள் அம்மாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். சொல்லவில்லை.

கடிதம் எழுதுகிற வேலையும் என்னுடையது. மதாமுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் கற்ற பிரெஞ்சு, வயிற்றுவலிக்கு மருந்து கேட்கக்கூடப் போதாது. ஆனால் மெசோன் என்றால் வீடு, அது நன்றாக இருக்கிறது என்பதுவரை வரும். மாதாமாதம் அதையே எழுதினேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது நடந்தபோது மதாம் உடம்பு முடியாமல் வருவதை நிறுத்திவிட்டார். அந்த வருஷம் ஐப்பசி மழையில் மாடி அறையின் மூலை பெயர்ந்து விழுந்தது. மில்லையும் மூடிவிட்டார்கள். அம்மா தூங்குவதை விட்டாள். வீடு விழுந்தால் நாங்கள் எங்கே போவது, இந்த ஓட்டை வீடு இனி எதற்கு என்று மதாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் எங்கே போவது, எப்போதும் இதே புலம்பல்தான்.

அப்போது அப்பா ஒரு யோசனை சொன்னார். "நம்மளே ரிப்பேர் பண்ணிடலாம். நல்லபடியா பாத்துக்கறோம்னு தெரிஞ்சா, சாவுற வரைக்கும் நீங்களே இருங்கன்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்க." நான் கேட்டதிலேயே மோசமான யோசனை அது. ஆனால் அன்று முதலில் தலையாட்டியவள் நான்தான்.

நான்கு மாதம் வேலை நடந்தது. எங்கள் ஊர்க் கதிர்காமத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்து வழிகாட்டினார், மற்றதெல்லாம் நாங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்றி அப்பா மிதித்தார். அம்மா மணல் சுமந்தாள். டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்து நான் ஜன்னல் கதவுகளை உப்புக் காகிதத்தால் தேய்த்தேன். தறி ஓட்டிய கை என்பதால் அப்பாவுக்குக் கோணல் பிடிக்காது. மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பூசினார். கடைசியில் ரோஸ் வண்ணம் அடித்து, தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தோம். ஊரிலேயே அழகான வீடு அதுதான். அவ்வளவு சந்தோஷமாக அப்பாவை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மதாமுக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று சொன்னது நான். இதை நான் யார்மேலும் போட முடியாது. ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்தேன். வாசல், கூடம், மாடிப்படி, கடல் அறை என்று ஆறு படங்கள், எல்லாம் கலரில். அவர் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் அம்மா வழக்கம்போலப் பாயை, பாத்திரத்தை, எங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டாள். "நீங்க நாலு பேரும் ஒருதபா நில்லுங்களேன்" என்று அவர்கூடச் சொன்னார். "நாங்க எதுக்குங்க, வூடு தெரிஞ்சாப் போதும்" என்றாள் அம்மா.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மதாமின் மகன் வந்தார், கூடவே ஒரு புரோக்கர். மதாம் இறந்து கொஞ்ச நாளாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. செத்துப்போனவருக்கு நான் படம் அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்த்தது மகன். அவருக்குத் தமிழ் வராது. நல்ல மனுஷர்தான், அப்பாவின் கையைப் பிடித்து "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி நாலைந்து தடவை குலுக்கினார்.

விளக்கமாகச் சொன்னது புரோக்கர். பாராட்டாகத்தான் சொன்னார். "அண்ணே, சூப்பரா வச்சிருக்கீங்க. நீங்க இப்டி வச்சிருக்கலன்னா இவுரு விக்கிற யோசனைக்கே வந்திருக்கமாட்டாரு. ஒழுவுற வூட்ட எவன் வாங்குவான், சொல்லுங்க?"

அப்பா சிரித்தார். பெரியவர்கள் பாராட்டினால் சிரிப்பதுபோலச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்று கேட்டால் தெரியவில்லை.

பக்கத்துப் பச்சை வீட்டையும் இப்படித்தான் ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் ஒரு செங்கல்லை எடுத்து வைத்தவரில்லை. மழை பெய்தால் அறைக்கு அறை பாய் மாற்றிப் படுப்பார்கள். சுவரில் அரசமரம் முளைத்து ஆள் உயரம் வளர்ந்தது. எவனும் வாங்க வரவில்லை. நாங்கள் வெளியேறிய பிறகும் பதினைந்து வருஷம் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணமும் அங்கேயேதான் நடந்தது.

எங்களுக்கு ஒரு மாதம் தவணை. சாரத்தில் ஒற்றை அறை பிடித்தோம், சாமானுக்கு ஒரு மாட்டுவண்டியே அதிகம். அதற்குப்பிறகு அப்பா வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போகவில்லை. மருந்து வாங்கக்கூட இந்தப் பக்கத்துக் கடைதான். பல வருஷம் கழித்து எனக்கு அரசு வேலை கிடைத்து, லோன் போட்டு, அதே சாரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். பூச்சோடு நின்ற சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னபோது அப்பா வாசலில் வந்து நின்றுகொண்டார். "வேணாம் பாப்பா. நல்லா இருந்தா எவன் கண்ணாவது படும்." அவர் போகிறவரைக்கும் அந்த வீடு சிமெண்டு நிறத்திலேயே இருந்தது. தெருவில் எங்களைக் கஞ்சர்கள் என்று பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

காயத்ரி என்னை உட்காரவைத்தது எங்கள் கொல்லை அறையில். இப்போது அது படிக்கும் அறையாம். யாரும் தொடாத புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. காப்பி வருவதற்குள் அவள் மேஜைமேல் இருந்த அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாள். வீட்டின் வரலாறு, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். எனக்காகத் தமிழில் சொன்னாள். "ஒரு வியாபாரி கட்டுனதாம் அத்த. அப்புறம் ரொம்ப வருஷம் ஆளே இல்லாம பூட்டிக் கெடந்துச்சாம். இவங்க வாங்கி உயிர் குடுத்தாங்களாம்."

"யாரு பூட்டிக் கெடந்துச்சுன்னு சொன்னது? உங்கப்பன் பொறந்ததே இந்த வூட்டு மாடியிலதான்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காயத்ரி அட்டையை இன்னொருமுறை படித்தாள். பிறகு மானேஜரைக் கூப்பிட்டாள்.

விழுப்புரத்துப் பையன், மரியாதையானவன். பதினேழு வருஷம் இங்கே இருந்தோம் என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் மேடம்! ஏதாச்சும் ப்ரூஃப் இருந்தா குடுங்க. கார்டுல மாத்திடலாம். வரவங்களுக்கு இந்த மாதிரி ஸ்டோரின்னா ரொம்பப் புடிக்கும்."

அப்போதுதான் யோசித்தேன். ரேஷன் கார்டு முத்தியால்பேட்டையில் மாமா வீட்டு முகவரியில் இருந்தது, மதாமுக்குத் தெரிந்தால் உரிமை கொண்டாடுகிறோம் என்று நினைப்பார் என்பதற்காக. ஓட்டும் அங்கேயே. பள்ளிக்கூடத்தில் கொடுத்த முகவரியும் அதுதான். தம்பியின் பிறப்புச் சான்றிதழில்கூட முத்தியால்பேட்டை என்றுதான் இருக்கிறது.

முப்பது வருஷம் ஆபீசில் பைல் பார்த்தவள் நான். காகிதம் இல்லாமல் வந்து நின்ற எத்தனையோ பேரை, "ப்ரூஃப் எடுத்துக்கினு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையனிடம் என்ன சண்டை போடுவது? "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். "பரவால்ல மேடம்" என்று சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கி அடுத்த மேஜையில் வைத்தான்.

அந்த அட்டையில் போட்டிருப்பது அவர்கள் இட்டுக்கட்டியதும் இல்லை. இந்த வீட்டில் ஆள் இல்லை என்று பதினேழு வருஷம் நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறோம், எல்லோரும் நம்பிவிட்டார்கள்.