ஞாயிற்றுக்கிழமை கதவு

இது கதை இல்லை. கதை எழுதுகிற அளவுக்கு எனக்குக் கற்பனையும் கிடையாது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். 2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி இல்லை, பட்டப்பகல். சுடுகாட்டிலோ புளியமரத்தடியிலோ இல்லை. கள்ளக்குறிச்சியில், கச்சிராப்பாளையம் ரோட்டில், நான் குடியிருக்கும் வாடகை வீட்டில். தேதியும் மணியும் குறித்து வைப்பது என் பழக்கம். அந்த நோட்டு இப்போதும் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் தமிழழகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம். 2008இல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீரமணி அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்காரலாம். மௌஸ் எனக்கு, கீபோர்டு அவனுக்கு. அப்படித்தான் அந்த விளையாட்டுக்குள் போனோம். அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. எங்களுக்கு அது 'தீவு'.

தீவில் ஜெயிப்பது கிடையாது. முடிவதும் கிடையாது. இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல ஆள் கிடையாது. எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாத ஒருவன் ஆறு மாதம் மீன் மட்டுமே பிடித்தான். இன்னொருவன் ரொட்டி சுட்டு, வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தான். ஆள் நடக்க நடக்கப் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழும். நடப்பதை விட்டால் புல் மூடிக்கொள்ளும். இப்போது வருகிற விளையாட்டுகளையும் பார்க்கிறேன். அம்புக்குறி காட்டும் பக்கம் ஓட வேண்டும். ஒருநாள் வராவிட்டால் பரிசு போச்சு என்று மிரட்டும். சித்தாளை விரட்டும் மேஸ்திரிகூட மதியம் சாப்பிட விடுவார். இவை அதற்கும் விடுவதில்லை.

அந்தத் தீவில் ஒரு மேட்டின் மேல் தமிழழகன் வீடு கட்டினான். மரம் வெட்டவும் கல் உடைக்கவும் நாலு மாதம் ஆயிற்று. அவன் அப்பா முனியனுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. குடிசைக்குக் கதவும் கிடையாது, சாக்குப் படுதாதான். அதனாலோ என்னவோ தீவு வீட்டின் கதவை இவன் சும்மாவே திறப்பான், மூடுவான்.

"இன்னாடா, கதவையே நோண்டிக்கினு இருக்கற? உள்ள போடா" என்பேன்.

"இருடா. நீ பொறந்ததுலேர்ந்து கதவ பாத்தவன். உனுக்கு இன்னா தெரியும்?"

தன் வீட்டுக்குள்ளேயே சொல்லாமல் நுழைய மாட்டான். வாசலில் நின்று "வூட்ல யாரு?" என்று டைப் செய்துவிட்டுத்தான் போவான்.

தீவில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்காரனோ அவன் கூட்டாளியோ ஏழு நாளுக்குள் ஒருமுறை வந்து கதவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு இடிந்துவிடும். வீடு அவன் பெயரில் இருந்தது. கூட்டாளி நான். படிப்பு முடிந்து ஊருக்குப் போன பிறகும், இந்தக் கதவுக்காகவே ஞாயிறுதோறும் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தான். திறப்பான், மூடுவான். ஒரு டீ குடிப்போம். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான்.

"இன்னாப்பா தமிழு, வூட்டு வரி கட்ட வந்தியா?" என்று வீரமணி அண்ணன் ஓட்டுவார்.

"ரசீது குடுங்கண்ணா, கட்டறேன்" என்பான் இவன்.

2011 ஜூன் முதல் வாரம் குடகுக்கு எஸ்டேட் வேலைக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அன்பு, நீ பாத்துக்கடா. வாரத்துல ஒருவாட்டி. எனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

இரண்டு ஞாயிறு திறந்தேன். மூன்றாவது ஞாயிறு, ஜூன் 26, திறக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சென்டருக்குப் புது விளையாட்டு வந்திருந்தது. யார் முதலாவது, யார் இரண்டாவது என்று பட்டியல் போட்டுக் காட்டும். எல்லோரும் அதில் இருந்தார்கள். நானும் இருந்தேன். பட்டியலில் பதினேழாவது இடம். பகல் பதினொன்றரைக்கு அவன் போன் வந்தது.

"தொறந்தியா?"

"தொறந்துட்டேன்டா."

அன்று இரவு 9.14க்குத் தீவிலிருந்து என் மெயிலுக்கு ஒரு வரி வந்தது. வீடு இடிந்துவிட்டது.

அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த ஞாயிறும் அதே பதினொன்றரைக்குப் போன். தொறந்தியா? தொறந்துட்டேன். அதற்கு மேல் அவன் பேசவில்லை. அதற்கப்புறம் எந்த வாரமும் பேசவில்லை. அந்த ஒரு கேள்விதான். பின்னால் மழைச் சத்தம் கேட்கும், போன் நின்றுவிடும். பொங்கல் வரைக்கும் இருபத்தொன்பது ஞாயிறு. இருபத்தொன்பது பொய். பிறகு நான் நம்பரை மாற்றிக்கொண்டேன். அந்த வருடமே தீவையும் நடத்தியவர்கள் மூடிவிட்டார்கள். மனசுக்குள் நிம்மதிதான். இனி அந்த மேட்டைப் போய்ப் பார்க்க யாராலும் முடியாது அல்லவா?

பதிமூன்று வருடம் போயிற்று.

இந்த ஜூலையில் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் வந்தது. சேலத்தில் இளவரசன் என்பவர் தீவைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் மறுபடி திறந்திருக்கிறார். 12ஆம் தேதி அவருக்குப் போன் செய்து பழைய வீடுகள் இருக்குமா என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இருக்காதுங்கண்ணா. நேத்துதான் தொறந்தேன். வெறும் புல்லு. நீங்கதான் மொத ஆளு."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதே மேட்டில் அதே மாதிரி ஒரு வீடு கட்டிவிடுவது. கட்டி முடித்துத் தமிழழகனைத் தேடிப் பிடித்து, பாருடா, இருக்குது என்று காட்டுவது. நான் சொன்ன பொய்யெல்லாம் உண்மையாகிவிடும். அவனுக்கும் தெரியப் போவதில்லை.

ஜூலை 13. என் மனைவி இலக்கியா அடுப்படியில் கறி வதக்கிக்கொண்டிருந்தாள். நான் உள் அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

மணி 11.02. புதுப் பெயரில் உள்ளே போனேன். திரையின் மூலையில், தீவில் இருப்பவர்கள்: 1. அது நான்.

மணி 11.09. பாலம் தாண்டி மேட்டின் அடிவாரம். அங்கே நின்றுவிட்டேன். புல்லுக்கு நடுவில் ஒரு பாதை இருந்தது. நன்றாகத் தேய்ந்து மண் தெரிந்தது. முந்தாநாள்வரை இல்லாத தீவு. இத்தனை நடை யார் நடந்தது?

இளவரசன் வந்து பார்த்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன்.

மணி 11.15. மேட்டின் மேல் வந்தேன்.

வீடு இருந்தது.

அதே கல். அதே ஜன்னல். பலகையில் அவன் பெயர். அவன் எழுதிய அதே எழுத்துப் பிழையோடு.

கதவின் மேல் மௌஸை வைத்தேன். வைத்தால், வீடு இடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டும். காட்டியது.

மீதம் 15 நிமிடம்.

திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. 'நீ இந்த வீட்டுக் கூட்டாளி இல்லை' என்று வந்தது. புதுப் பெயர் அல்லவா? பழைய பெயரைப் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு ஆளே இல்லை என்றது. மறுபடி புதுப் பெயரில் வந்து, அந்தக் கதவை முப்பது நாற்பது தடவை அழுத்தியிருப்பேன்.

மணி 11.22. ஸ்பீக்கரில் சத்தம் கேட்டது. சரக்... சரக்... மண்ணில் ஆள் நடக்கிற சத்தம். நான் நடக்கவில்லை. கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டேன்.

சரக்... சரக்...

மூலையில் பார்த்தேன். தீவில் இருப்பவர்கள்: 1.

சத்தம் எனக்குப் பின்னால் வந்து நின்றது.

மணி 11.24. திரையின் அடியில் எழுத்துகள் விழத் தொடங்கின. ஒவ்வொன்றாக. மெதுவாக...

வூட்ல யாரு?

என் ஆளைத் திருப்பினேன். அவன் நின்றான். நீலச் சட்டை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த முகம்.

"தமிழு?" என்று அடித்தேன்.

தொறந்தியா?

மீதம் 5 நிமிடம்.

"நீ எங்கடா இருக்கற? நம்பர் குடு."

தொறந்தியா?

மீதம் 3 நிமிடம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போதும் என் விரல் பழைய பதிலைத்தான் அடித்தது. தொறந்துட்டேன்டா.

அவன் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

தொறந்தியா?

மீதம் 1 நிமிடம்.

"இல்லடா. தொறக்கல. நீ போன மூணாம் வாரமே வுழுந்திருச்சி. நான் பொய் சொன்னேன்."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

மணி 11.30.

தட்...

கூரை முதலில். அப்புறம் சுவர். கல் கல்லாக. கடைசியாகக் கதவு.

அவன் அசையவில்லை. எழுத்துகள் மட்டும் விழுந்தன.

அப்ப நா எங்க போறது?

திரை அணைந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கும் எரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் செத்துப்போயிருந்தது.

பவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. இலக்கியா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, தனியா இருக்கீங்க? உங்க ஃப்ரெண்டு எங்க?"

"யாரு?"

"இப்பதான வந்தாரு. வாசல்ல நின்னுக்கினு வூட்ல யாருன்னு கொரல் குடுத்தாரு. உங்க ஃப்ரெண்டு, மலையிலேர்ந்து வர்றேன்னாரு. தலையெல்லாம் ஈரம். மலையில மழையா இருக்கும்னு நெனச்சேன்."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்லுவாங்க? உள்ள வாங்கண்ணா, அவரு ரூம்லதான் இருக்காருன்னேன். இன்னாத்துக்கு இப்பிடி முழிக்கிறீங்க?"

வாசலுக்குப் போனேன். வெயில் சுட்டது. தெருவில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வாசற்படியில் இருந்தது. ஈரக் கால். வெறுங்கால். படி, கூடம், என் அறை வாசல். செம்மண் கலந்த ஈரம்.

உள்ளே வந்த தடம்.

வெளியே போன தடம் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வீரமணி அண்ணனைப் பார்த்தேன். பிரவுசிங் சென்டர் இப்போது ஜெராக்ஸ் கடை. மலைக்காரர்கள் சர்டிபிகேட் வேலையாக அவரிடம்தான் வருவார்கள். தமிழழகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். அவர் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார்.

"நெசமாவே தெரியாதா உனுக்கு? நீதான்யா அவனோட ஒட்டிக்கினு திரிஞ்சவன்" என்றவர், அவன் தங்கை நிர்மலாவின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

இரவு 7.05க்கு வீட்டுக் கூடத்திலிருந்து பேசினேன்.

"அண்ணன் செத்து பதினாலு வருசம் ஆவுதுங்கண்ணா" என்றாள் நிர்மலா. "கொடகுல நல்ல மழ. தங்கியிருந்த கொட்டாயில படுத்துக்கினு இருந்தப்ப செவுரு வுழுந்திச்சி. ஒடம்பக்கூட இங்க கொண்டாரல. அங்கியே பொதச்சிட்டாங்க."

"எப்பம்மா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. இறப்புச் சர்டிபிகேட்டைப் பார்த்துப் படித்தாள்.

"இருபத்தாறு, ஆறு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. ராத்திரி ஒம்போதேகாலு இருக்கும்னு கூட இருந்தவங்க சொன்னாங்க."

நோட்டைப் பிரித்தேன். அப்படியென்றால் உயிரோடு இருந்த அவனிடம் நான் சொன்னது ஒரே ஒரு பொய்தான். மீதி இருபத்தொன்பது?

ஜூலை மூன்றிலிருந்து பொங்கல் வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது யார்?

"அண்ணா... ஒண்ணு கேக்கலாங்களா?" நிர்மலா தயங்கினாள். "கள்ளக்குறிச்சியில எனுக்கு ஒரு வூடு இருக்குது, ஃப்ரெண்டு பாத்துக்கறான்னு அண்ணன் சொல்லிக்கினே இருப்பாரு. அம்மா இன்னும் அதையேதான் சொல்லுது. செத்தவன் இங்க வரலன்னா அந்த வூட்டுக்குத்தான் போயிருப்பான்னு. அப்பிடி ஒரு வூடு இருக்குதுங்களா?"

நோட்டை மூடினேன்.

"இருக்குதும்மா" என்றேன்.

"அப்பிடிங்களா..." அவள் குரல் உடைந்தது. "இப்ப அதுல யாரு இருக்காங்க?"

போனை வைத்துவிட்டேன். என் அறைப் பக்கம் திரும்பவில்லை.