லைன் அக்காவும் நடுநிலையாளரும்

காலை எட்டு மணிக்கு ஒரு மனிதனைக் கோபப்படுத்துவது பெரிய காரியமில்லை. கிளம்பிய கோபத்தை ஆறவிடாமல் சூடாக வைத்திருந்து, விளம்பரம் முடிந்த கையோடு பரிமாறுவது பெரிய காரியம். எங்கள் ஊர் வானொலி நிலையத்தில் அந்தப் பொறுப்பு லைன் அக்காவுடையது.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் லைன் அக்கா. 'எழுந்திரு, எதிர்த்துப் பேசு' என்ற காலை நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளை எடுத்து, ஆள் தேறுவாரா என்று அரை நிமிடத்தில் எடைபோட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கொம்பனிடம் அனுப்ப வேண்டும். கொம்பன் என்பது நிகழ்ச்சி நடத்துபவருக்கு நேயர்கள் கொடுத்த பட்டம். கருத்தில்லாத விஷயம் என்று அவருக்கு ஒன்று கிடையாது. குடை பிடிப்பவர்கள் நடைபாதையில் இரண்டு பேர் இடத்தை அடைப்பதால் தனி வரி கட்ட வேண்டும். மதியம் தூங்குகிறவனுக்கு ஓட்டுரிமை எதற்கு? லிஃப்டில் முதல் மாடிக்குப் போகிறவனை நடுவழியில் இறக்கிவிட வேண்டும். இப்படித் தினமும் ஒன்று.

நேயர்களுக்கும் கொம்பனைப் பற்றிக் கருத்து இருந்தது. ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர், இந்த ஆள் பேசுவதில் பாதி தப்பு, எந்தப் பாதி என்று கண்டுபிடிக்கத்தான் தினமும் கேட்கிறேன் என்றார். ஒரு பெண்மணி, இந்த நிகழ்ச்சியைக் கேட்பதை நிறுத்தி ஒரு வருடமாகிறது என்று அறிவித்துவிட்டு, இன்று காலை பேசியதுதான் இருப்பதிலேயே மோசம் என்றார். ஒரு பல் மருத்துவர் மட்டும் நன்றி சொன்னார். கொம்பன் பேச ஆரம்பித்தால் நோயாளிகள் தாமாகவே வாயைப் பிளந்துவிடுகிறார்களாம்.

இதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. லைன் அக்காவிடம் "அந்த ஆளை நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்" என்று குதித்தவர்கள், கொம்பன் வணக்கம் சொன்னதும், "சார், உங்க குரலைக் கேட்டதே பாக்கியம்" என்று வெண்ணெயாக உருகிவிடுவார்கள். அதனால் இணைப்பு கொடுப்பதற்கு முன் அக்கா சாதுவாக ஒரு வாக்கியம் சொல்வார்: "அவர் சொல்றதும் நியாயம்தானே சார்." அவ்வளவுதான், மறுபடி கொதி வந்துவிடும்.

இந்த உபசாரம் தேவைப்படாத ஒரே நேயர் 'நடுநிலையாளர்'. அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் அது. எல்லாவற்றையும் எதிர்ப்பவர். வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரலில் பேசுவார். அவர் பேசும்போது பின்னணியில் ஒரு கடிகாரம் எட்டேகாலுக்குப் பதினோரு முறை அடிக்கும். அப்படி அடிக்கும் கடிகாரம் உலகத்தில் ஒரே ஒரு சமையலறையில்தான் இருக்கிறது. அது லைன் அக்காவின் சமையலறை.

ஆம், நடுநிலையாளர் அவருடைய வீட்டுக்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வீட்டில் அவர் பேச்சு 'ம்', 'சரி', 'சாவி எங்க' என்பதோடு சரி. சண்டை ஒன்றுமில்லை. பேச வேண்டியதையெல்லாம் பேசியாகிவிட்டது என்று எப்போதோ இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள். வேறு ஊரில் இருக்கும் மகள் அழைத்தால், "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பது அவருடைய முழு உரை. அப்படிப்பட்டவர் லைனில் அக்காவை 'மேடம்' என்று அழைத்து, குடையிலிருந்து குடியரசு வரை வெளுத்து வாங்குவார். அக்காவும் 'சார்' போட்டுக் கேட்டுக்கொள்வார். அவருக்குக் கொடுக்கும் அரை நிமிடம் மட்டும் கொஞ்சம் நீளமானது. மாலையில் வீடு திரும்பியதும் இரண்டு பேரும் இதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

இந்த நிலையில் புது மேலாளர் வந்தார். கருத்து என்றாலே அவருக்கு ஒவ்வாமை. கொம்பனை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிட்டுப் பாட்டுப் போடுவதா என்பதை நேயர்களே வெள்ளிக்கிழமை காலை சொல்லட்டும் என்றார். கொம்பனுக்கு இது பெரிய கவலையில்லை, வாய் இருக்கும்வரை வேறு நிலையம் கிடைக்கும். கவலைப்பட்டது லைன் அக்கா. நிகழ்ச்சி போனால் போன் லைன் போகும். போன் லைன் போனால் வீட்டில் மிச்சமிருப்பது 'ம்', 'சரி', 'சாவி எங்க'.

வெள்ளிக்கிழமை மானாவாரியாக அழைப்புகள் வந்தன. அனுப்பு, அனுப்பு என்றே எல்லோரும் சொன்னார்கள். கேட்பதை நிறுத்திய பெண்மணி இரண்டு தடவை அழைத்தார். பல் மருத்துவர் ஒருவர்தான் அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சினார். கடைசியாகக் கைக்குட்டைக் குரல் வந்தது.

"மேடம், அந்த ஆள் போயே ஆகணும். எழுதிக்குங்க."

அக்கா வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவில்லை. "சார், ஒரு விஷயம். அவர் போனா பாட்டு மட்டும்தான். இந்த லைன் இருக்காது."

மறுமுனையில் கடிகாரம் அடித்து ஓய்ந்தது.

"அப்போ லைன் எடுக்கிறவங்க?"

"வரவேற்பு மேசைக்கு மாத்துறாங்க சார்."

"அங்க போன் உண்டா?"

"உண்டு."

"யார் வேணா பண்ணலாமா?"

"புகார் இருந்தா பண்ணலாம் சார்."

"புகாருக்கு என்ன குறைச்சல்," என்றார் நடுநிலையாளர். பிறகு கொள்கை மாறாமல் ஒலிபரப்பில் போய், கொம்பன் உடனே வெளியேற வேண்டும் என்று முழங்கினார். நீங்களுமா என்று கொம்பன் கேட்டதற்கு, நான்தான் முதலில் சொன்னேன் என்று உரிமை கொண்டாடினார்.

திங்கட்கிழமை லைன் அக்கா வரவேற்பு மேசையில், பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். எட்டேகால் தாண்டியது. போன் அடிக்கவில்லை. அக்கா ஒரு தடவை ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்து வைத்தார். வைத்த கையோடு அடித்தது.

"மேடம், பாட்டு சம்பந்தமா ஒரு புகார்."

"சொல்லுங்க சார்."

பாட்டில் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் அதே பாட்டைச் சத்தமாக வைப்பதற்குப் போய், அங்கிருந்து புது லிஃப்டுகளின் லட்சணத்துக்கு வந்து, ஒரு லிஃப்ட் பழுதானதால் படியேற வேண்டி வந்து முட்டி வலிப்பதில் நின்றது புகார். வரவேற்பு மேசையில் பேச்சை வெட்ட விளம்பரம் எதுவும் காத்திருக்கவில்லை. முட்டி வலி அக்காவுக்குப் புதுச் செய்தி.

"எந்தக் கால் சார்?"

"இடது. ரெண்டு மாசமா. அதுக்கும் நிலையத்துக்கும் சம்பந்தமில்லதான்."

"பரவாயில்ல சார். கவனிக்கச் சொல்றேன்."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு வலித்தைலம் இருந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. மறுநாள் காலை நடுநிலையாளர் அழைத்து, நிலையத்தின் நடவடிக்கை துரிதமாக இருந்தது என்று ஒரு வரியில் பாராட்டிவிட்டு, அடுத்த புகாருக்குப் போனார்.