மோசெல் கரையில் ஒரு கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் கைப்பேசி ஒலித்தால் அது குகதாசன் மாஸ்டராகத்தான் இருக்கும். அன்றும் அவருடைய பெயர்தான் திரையில் வந்தது. "சொல்லுங்கோ மாஸ்டர்" என்றேன். மறுமுனையில் அவருடைய மகள் நிரோசா, "ரீச்சர், அப்பாவின்ர போனில இருந்துதான் எடுக்கிறன்" என்றாள். அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் நித்திரையிலேயே போய்விட்டாராம்.

டென்மார்க்கின் விபோர்க் நகரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கிழமை நாட்களில் இறைச்சித் தொழிற்சாலையில் பொதி செய்யும் வேலை. சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கணக்கு மாஸ்டர். நான் அடுத்த அறையில் தமிழ் படிப்பித்தேன். பிள்ளைகள் டேனிஷில் பதில் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவருக்கு வராது. "விளங்கிச்சுதெல்லே ரீச்சர், அது காணும். மொழி பிறகு வரும்" என்பார்.

மனைவி இறந்த பிறகு அவர் குடிக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. அவருடைய சிக்கல் தாகம் அல்ல, மறுக்கத் தெரியாமை என்று நான் நினைப்பதுண்டு. ஒரு உதாரணம் சொல்கிறேன். டேனிஷ்காரர் வீட்டில் கோப்பி வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் கோப்பையை எடுத்து வைத்துவிடுவார்கள். எங்கள் வீடுகளில் வேண்டாம் என்றால் இன்னொரு தரம் கேள் என்றுதான் பொருள். பிறந்தநாள், சாமத்திய வீடு என்று எங்கே போனாலும் யாராவது ஊற்றுவார்கள். இவர் இரண்டு கையாலும் வாங்குவார். தூரத்து ஹ்விடோவ்ரே நகரில் இருந்த நிரோசா வருவதை நிறுத்தினாள். தன் குழந்தையை அவர் கண்ணில் காட்டவே இல்லை.

அவர் கொம்யூன் எனும் நகரசபையின் சிகிச்சைக் குழுவில் சேர்ந்து குடியை விட்டார். ஆனாலும் மகள் நம்பவில்லை. முன்பும் விட்டுவிட்டுத் திரும்பவும் தொடங்கியவராம். அந்தக் கோடையில் ஜெர்மனியிலுள்ள கோயில் தேருக்கு எங்கள் ஆட்கள் பஸ் ஒழுங்கு செய்தபோது, தானும் வருவதாகச் சொன்னாள். "எங்கட ஆக்களோட இருக்கேக்க எப்பிடி இருக்கிறார் எண்டு பாக்கப் போறன், ரீச்சர். சரியாய் இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று என்னிடம் சொன்னாள். அவருக்கும் அது தெரியும்.

தேர் முடிந்த மறுநாள் பஸ் எங்களை மோசெல் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனது. மலை என்றால் மேடு என்று பழகிய டென்மார்க் கண்களுக்கு அது வேறு உலகம். ஆறு வளைந்து வளைந்து, வந்த வழியையே திரும்பிப் பார்ப்பதுபோல் ஓடியது. இரு கரையிலும் நிமிர்ந்து பார்க்கும் சரிவில் திராட்சைக் கொடிகள், ஒவ்வொன்றும் ஒரு கம்போடு தனித்தனியே நின்றன. காய்கள் இன்னும் மிளகு அளவுதான். மாஸ்டர் யன்னலோரம் இருந்தார். மகள் பக்கத்தில் காதில் பாட்டோடு இருந்தாள். "குடியை விட்டவனை வைன் ஊருக்குக் கொண்டு வந்திட்டம்" என்று பின்னாலிருந்து சிவம் அண்ணை சொல்ல, பஸ் சிரித்தது. "நான் ஆறு பாக்க வந்தனான்" என்றார் மாஸ்டர்.

ஒரு தோட்டத்து நிலவறையில் வைன் ருசி பார்க்கத் தந்தார்கள். சுவைத்துவிட்டு மேசையிலிருக்கும் சிறு வாளியில் துப்பலாம் என்று வழிகாட்டி சொன்னார். தோட்டத்துச் சொந்தக்காரியான வயதான அம்மா தன் கையால் ஊற்றித் தந்ததை அவர் முகத்துக்கு முன்னால் துப்புவதா? எங்கள் ஆட்கள் ஒருவரும் துப்பவில்லை. தந்ததெல்லாம் உள்ளே போனது. நிலவறை கலகலத்தது. அந்த அம்மா மாஸ்டரிடமும் ஒரு கிளாஸை நீட்டினார். அவர் வழக்கம்போல் இரண்டு கையாலும் வாங்கினார். நிரோசா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அவர் குடிக்கவில்லை. பிடித்தபடியே நின்றார். "ஒரு வாய்தானே மச்சான், ஆத்துத் தண்ணி மாதிரி" என்றார் சிவம் அண்ணை. மாஸ்டர் கிளாஸை மேசையில் வைத்தார்.

"எனக்கு ஏலாது சிவம். ஒண்டு குடிச்சால் நிப்பாட்ட மாட்டன். நான் அப்பிடியான ஆள்."

குழுவில் டேனிஷில் பலமுறை சொன்ன வசனமாம் அது. தமிழில், தன் ஆட்களுக்கு முன்னால், அன்றுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. அதே மாதிரியான கிளாஸில் புளிக்காத திராட்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். பார்வைக்கு வைன் போலவே இருந்தது.

அதைக் கையில் ஏந்தி அவர் வெளியே வந்தார். நான் பின்னால் வந்தேன். ஆற்றோர மதிலில் இருந்த நிரோசா எழுந்து வந்து கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு முழுவதையும் குடித்து முடித்து, வெறும் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரியான இனிப்பு" என்றாள்.

திரும்பும் வழியில் அவள் அவர் தோளில் தூங்கிப்போனாள். எல்லைவரை அவர் கையைக்கூட அசைக்கவில்லை. குழந்தையும் பிறகு வந்தது, கோடை விடுமுறையிலும் நத்தார்ப் பண்டிகையிலும். மற்ற நாட்களில் அவர் விபோர்க்கில் தனியே, நான் பிறகு குடிபோன ஓகூஸ் நகரில் தனியே. ஞாயிறுகளில் அவர் போன் எடுப்பார். "சும்மாதான் எடுத்தனான் ரீச்சர்" என்று தொடங்குவார். மழை, முழங்கால், பேரன் டேனிஷில் சொன்ன பகிடி. வைக்கும்போதும் "சும்மாதான்" என்பார்.

செத்த வீடு முடிந்து எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நிரோசா என்னைத் தனியே கூப்பிட்டாள். பாதி டேனிஷிலும் பாதி தமிழிலும் கேட்டாள்: தான் அந்தக் கிளாஸைப் பறித்துக் குடித்துப் பார்த்தது அப்பாவுக்கு அவமானமாய் இருந்திருக்குமா? பார்க்காமலே நம்பியிருக்க வேண்டுமா?

நல்ல வேளையாக என்னிடம் பதில் இருந்தது. ஒரு ஞாயிறு அவரே சொல்லியிருந்தார். அதை அவர் சொன்னபடியே அவளுக்குச் சொன்னேன்.

"அவள் குடிச்சுப் பாத்தது நல்லது ரீச்சர். பாக்காமல் விட்டிருந்தால், எனக்கு ஆரும் இல்லையெண்டு நினைச்சிருப்பன்."

அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வசனத்தைத்தான். போன ஞாயிறு மாலை வழக்கம்போல் கைப்பேசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வெளியே மழை. இருட்டும்வரை அது ஒலிக்கவில்லை. பிறகு நானே ஹ்விடோவ்ரேக்கு எடுத்தேன். என்ன விஷயம் ரீச்சர் என்று நிரோசா பதறினாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன். "சும்மாதான் எடுத்தனான்."